துவைத்துப் போட்ட வரைபடம்

கொழும்பில் செல்வி வேலை பார்த்த அலுவலகத்தில் ஓர் அறை மட்டும் எப்போதும் குளிர்ந்து கிடக்கும். மனிதருக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. ஆட்கள் வெளியே விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெட்டி மட்டும் துரை வீட்டு நாய் மாதிரி சுகமாக உட்கார்ந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. செல்வி என் அக்காள் மகள். கைக்குழந்தையில் இருந்து நான் வளர்த்தவள். என்னைப் பார்த்துத்தான் அவளும் படம் வரையும் வேலைக்கு வந்தாள். மதியம் சேர்ந்து சாப்பிடலாம் என்று போயிருந்தேன். அவள் எழுந்து வருவதாகக் காணோம்.

"சின்னம்மா, இதக் கொஞ்சம் பாருங்களேன். திரையில எழுத்து இருக்கு. தாள்ல வரமாட்டேங்குது."

பச்சை எழுத்துகள் மினுங்கும் திரையில் ஏதோ கட்டடத்தின் படம். பக்கத்தில் ஒரு யந்திரக் கை பேனாவைப் பிடித்துக்கொண்டு அதையே தாளில் வரைகிறது. கோடெல்லாம் ஒழுங்காக விழுகிறது. எழுத்தில் ஒரு பகுதியைக் காணவில்லை. காலையில் இருந்து இதே கூத்தாம். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். பேனாவை மாற்றியிருக்கிறாள். படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கலாமாம், எழுத்து இருக்கும் அடுக்கை யாராவது மறைத்துவிட்டார்களா என்று தேடியிருக்கிறாள். அழித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை.

"அந்த எழுத்த எங்க வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"ஓரத்துல. குறிப்பு எல்லாம் ஓரத்துலதானே போடுவோம்."

"தாள் அதுவரைக்கும் போகுதா?"

செல்வி ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள். எதையோ தட்டி, குறிப்பைத் தாளுக்குள் வரும்படி நகர்த்தினாள். பேனா மறுபடியும் ஓடியது. காணாமல் போன குறிப்பு எழுத்தெழுத்தாகத் தாளில் வந்தது.

"தொட்டுக்கூடப் பாக்கல, எப்படிச் சின்னம்மா கண்டுபிடிச்சீங்க?"

"பழக்கம்தான்" என்றேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

இந்த வாரம் பதுளைத் தியேட்டர்களைப் பற்றி எழுதுவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதாமல் அதை எழுத வரவில்லை.

வாசித்தால் பிழை வரும்

அறுபதுகளின் நடுவில் நான் பதுளையில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்தேன். அவரைச் சேவையர் ஐயா என்போம். தோட்டத்துப் பிள்ளைக்கு டவுனில் மேசை வேலை கிடைப்பது அப்போது சின்னக் காரியம் இல்லை. நமுனுகுலப் பக்கத்து எங்கள் தோட்டத்தில், "பேனா புடிக்கிற கமலா" என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது. டவுனில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

டிரேசர் வேலை என்பது பழைய படத்தின் மேல் மெல்லிய தாளைப் போட்டு, அடியில் தெரிவதை அப்படியே மையால் இழுப்பது. கோடு, வளைவு, எழுத்து எல்லாம். எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும்.

அந்த அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுத்தை வாசிக்கக் கூடாது. வரைய வேண்டும். வாசிக்கிறவள் அடியில் இருப்பதை விட்டுவிட்டுத் தன் மனதில் இருப்பதை எழுதிவிடுவாளாம். அதனால் ஓர் எழுத்து என்பது இரண்டு கோடும் ஒரு வளைவும், அவ்வளவுதான். எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஆனாலும் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். என்னைப் போலப் பிசகில்லாமல் எழுத்து வரைபவர் பதுளையிலேயே இல்லை என்று சேவையர் ஐயா சொன்னபோது எனக்கு ஏறிய தலைக்கனம் கொஞ்சநஞ்சம் அல்ல.

அங்கே அச்சு எடுப்பவர் ரசீக் நானா. கடைவீதியில் பாதிக் கடைகள் அவருடைய சொந்தக்காரர்களுடையவை. இவர் மட்டும் கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் வந்தவர். கண்ணாடிச் சட்டத்தில் தாளை வைத்து வெயிலில் காட்டி, பிறகு அமோனியா ஊற்றிய தகரக் குழாய்க்குள் சுருட்டி வைப்பார். அந்த நெடிக்குக் கண்ணில் நீர் கொட்டும். "மையத்து வீட்ட போகாமலே அழுற தொழில் இது" என்பார்.

பாதி பிளேடு

எழுத்தைத் திருத்துவதுதான் வேலையிலேயே நாசம் பிடித்த வேலை. கோடு பிசகினால் தடித்த கோடாக்கிச் சமாளிக்கலாம். எழுத்து பிசகினால் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

சவர பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியை விரலுக்கிடையில் பிடித்து, காய்ந்த மையை மட்டும் தூள்தூளாகச் சீவி எடுப்போம். கொஞ்சம் அழுத்தினால் தாள் ஓட்டையாகிவிடும். அழுத்தாவிட்டால் மை போகாது. சுரண்டிய இடத்தில் தாளுக்கு மயிர் முளைத்துவிடும். அப்படியே எழுதினால் மை ஈரத் துணியில் போலப் பரவும். நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, வியர்வை படாமல் ஊதிக் காயவைத்து, அப்புறம்தான் புது எழுத்து. ஒரு சொல்லைத் திருத்த ஒரு காலைப் பொழுது போகும்.

இரண்டாவது சட்டமும் ஒன்று உண்டு. எழுத்து எந்தக் கோட்டையும் வெட்டக் கூடாது. இரண்டும் மோதினால் எழுத்துதான் விலக வேண்டும். விலக இடமில்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டு, எழுத்தைப் படத்தின் வலது ஓரத்தில் குறிப்பாக எழுத வேண்டும்.

அக்காவின் காம்பரா

என் அக்காள் பெயர் பாக்கியம். கட்டிக்கொடுத்து மூன்று வருடம், மாமியார் வீட்டில் ஒரே காம்பராவில், அதாவது ஒற்றை அறையில், ஒன்பது பேர். சேலையை மறைப்பாகக் கட்டி அதற்குப் பின்னால் குடித்தனம். முதல் பிள்ளை அந்தப் புகையிலேயே இருமி இருமிச் செத்தது. இரண்டாவதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ளையாவது சொந்தக் காம்பராவுல பொறக்கணும்டி. இல்லாட்டி நான் எதுக்கு உசுரோட இருக்கேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாள். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்தின் பழைய படம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ துணியில் வரைந்தது. டிரேசிங் துணி என்பது கஞ்சி போட்ட மெல்லிய பருத்தி. அதை நான் புதுத் தாளுக்கு மாற்றி முடித்த மறுநாள், தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். தோட்டத்தில் புது லயம், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள், கட்டப் போகிறார்கள். எந்த இடம், ரோட்டில் இருந்து எத்தனை அடி என்று சீட்டில் இருந்தது. அதையும் படத்தில் ஏற்றி அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"ஒங்க அக்கா பேரும் லிஸ்ட்ல இருக்கு கமலா" என்றார்.

கரும்பு தின்னக் கூலியா? உடனே அளவுகோலை எடுத்தேன். அடி பிசகாமல் அளந்து, பென்சிலால் லயத்தின் சதுரத்தைப் போட்டேன். அது சரியாக ஒரு வரி எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பழைய படத்தில் சாய்ந்த பொடி எழுத்தில் இருந்த வரி. முந்தின நாள் நான் வரைந்திருந்தேன், வாசிக்கவில்லை.

எழுத்துதான் விலக வேண்டும். பாதி பிளேடை எடுத்தேன். ஒரு காலைப் பொழுது முழுக்கச் சுரண்டினேன். நகத்தால் தேய்த்தேன். லயத்தைக் கறுப்பு மையில் இழுத்தேன். உள்ளே ஒரு சின்ன நட்சத்திரம் போட்டேன். துணியைப் பார்த்துப் பார்த்து அந்த வரியை ஓரத்தில் எழுத்துப் பிசகாமல் வரைந்தேன். அப்போதும் வாசிக்கவில்லை. என் மனதில் அக்காவின் காம்பரா எந்தப் பக்கத்தில் வரும், வாசலில் வெயில் விழுமா என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

சேவையர் ஐயா அப்போது கால் முறிந்து வீட்டில் கிடந்தார். படத்தை அங்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கினோம்; கட்டிலில் கிடந்தவர் ஓரத்தில் இருந்ததை வாசித்திருக்க மாட்டார்.

தாள் போதவில்லை

அச்சுத் தாள் கொழும்பில் இருந்து வர வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். அந்தத் தடவை வந்தது அகலம் குறைந்த சுருள். ரசீக் நானா படத்தைத் தாள் மேல் இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். தோட்டம் முழுவதும் விழ வேண்டும், கீழே கையெழுத்தும் விழ வேண்டும். வலது ஓரம் வெளியே நின்றது.

வெயிலில் இருந்து எடுத்துக் குழாயில் காட்டி முடித்ததும் அச்சு என் கைக்கு வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நானா, குறிப்பு வரலியே."

"தாள் பத்தாது தங்கச்சி. குறிப்புத்தானே? மூலத்துல இருக்கு. வேணுமெண்டா வந்து பாக்கட்டும்."

"நட்சத்திரம் மட்டும் இருக்கு, எதுக்குன்னு தெரியாதே."

"அப்ப அகலத் தாள் வார வரைக்கும் வெச்சிருப்பமா? ஒரு மாசம் போகும். ஒங்கட அக்காட லயம் எண்டுதானே அவசரப்பட்டீங்க?"

வாசலில் கிளாக்கர் ஐயா தோட்டத்து லொறிக்காக நின்றுகொண்டிருந்தார். ஒரு மாதம் என்றால் அக்காவுக்கு ஆறாம் மாதம் ஆகிவிடும், அப்புறம் லயம் கட்டி முடிக்க நாள் போதாது.

"சரி நானா, குடுத்துருங்க" என்றேன். சொன்னது நான்தான்.

துணி

பழைய துணிப் படங்களைப் புதுத் தாளுக்கு மாற்றிய பிறகு யாருக்கும் வேண்டியதில்லை. அலுவலகத்துப் பெண்கள் முறை வைத்து எடுத்துப்போவோம். வெந்நீரில் ஊறப்போட்டால் கஞ்சியும் மையும் சேர்ந்து கழன்றுவிடும். அடியில் இருந்து பூப்போல மெல்லிய வெள்ளைப் பருத்தி வரும். கடையில் அந்த மாதிரித் துணி வாங்க எங்களுக்கு வக்கில்லை. பதுளையில் எத்தனையோ பிள்ளைகள் தோட்டப் படங்களை உடுத்தித்தான் வளர்ந்தார்கள்.

அந்தத் தடவை என் முறை. எங்கள் தோட்டத்துத் துணியை அத்தை வீட்டுக் கிணற்றடியில் ஊறப்போட்டு, சவர்க்காரம் போட்டுக் கசக்கினேன். வாளித் தண்ணீர் கறுத்தது. கொட்டிவிட்டு இன்னொரு வாளி. நாலாவது வாளியில் தண்ணீர் தெளிந்தது. அக்காவின் பிள்ளைக்கு ஒரு வயது வரைக்கும் போடலாம் என்று தாராளமாக அளவு வைத்து ஒரு சட்டை தைத்தேன்.

வாசலிலேயே தண்ணீர்

லயம் எழும்பியது. அக்காள் ஆசைப்பட்டபடி பிள்ளை சொந்தக் காம்பராவில் பிறந்தது. செல்வி என்று பெயர் வைத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அக்காளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"கமலா, இங்க வந்து பாரேன். அத்திவாரம் வெட்டுறப்பவே தண்ணி ஊறிச்சாம். மேசன் பாஸ் ஒரு கான் வெட்டி விட்டிருக்காரு. வருசம் பூரா ஓடும்போல. இனிமே குடத்தத் தூக்கிக்கிட்டு பீலிக்குப் போக வேணாம். வாசல்லயே தண்ணி!"

கானில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. நான் கையை நனைத்துப் பார்த்தேன். ஐஸாகக் குளிர்ந்தது. "ஒனக்கு அதிஷ்டம்தான் அக்கா" என்றேன்.

அந்த வருடம் கார்த்திகை மழை விடவே இல்லை. ஒன்பதாம் நாள் பகலில், பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் அக்காள் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு உலை வைக்க வீட்டுக்கு ஓடினாள். செல்வி பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் இருந்தாள். பகலில் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கும் இடம் அதுதான். சாப்பிட்டுவிட்டு வந்து பால் கொடுத்துக்கொள்ளலாம் என்று அக்காள் நினைத்திருக்க வேண்டும்.

மேட்டில் இருந்து மண் இறங்கியது. லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம்தானாம், அதற்குப் பிறகு லயம் நின்ற இடத்தில் சேறுதானாம். அக்காளோடு சேர்த்து ஐந்து பேர். அக்காள் புருஷன், என் மச்சான், மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்ததால் தப்பினார். இரண்டு நாள் தோண்டினார்கள். அக்காளை எடுத்தபோது கையில் அகப்பை இருந்தது.

மூலத்தில் இருக்கிறது

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆளாளுக்குப் படத்தைத் தேடினார்கள். தோட்டத்துத் துரையிடம் போன அச்சில் குறிப்பு இல்லை. எங்கள் அலுவலகத்து மூலத்தில் குறிப்பு இருந்தது. சேவையர் ஐயா கம்பை ஊன்றி நின்று, அந்த வரியைச் சத்தமாக வாசித்தார்.

பழைய சரிவு நிலம், அடியில் ஊற்று, கட்டடம் கட்டக் கூடாது.

நான் வரைந்த எழுத்து. பிசகே இல்லை. அந்த வரி எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நாங்கள் எழுதித்தான் வைத்திருக்கிறோம் என்று அலுவலகம் சொன்னது. எங்களுக்கு வரவில்லை என்று தோட்டம் சொன்னது. இரண்டும் உண்மைதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குறிப்பு ஓரத்துக்கு எப்படிப் போனது, முதலில் எங்கே இருந்தது என்று கேட்க நினைத்தவர்கள் பழைய துணியைக் கேட்டிருப்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க அது இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ரசீக் நானா அத்தை வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்குப் பால்மா டின்னும் ஒரு கம்பளியும் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"நான்தான் தங்கச்சி ஓரத்த விட்டது. நான் விட்டதாலதான் இப்படி ஆகிப்போச்சி. அல்லாஹ் என்னட்டத்தான் கேப்பான்."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சுரண்டியது நான், வாசிக்காதது நான், கொடுத்துவிடுங்கள் என்று சொன்னதும் நான். பால்மா டின்னையும் கம்பளியையும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னதை அவரிடமே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுப் பண்டாரவளையில் தம்பி கடைக்குப் போனார். பெருநாளுக்குப் பெருநாள் செல்விக்கு உடுப்பு வரும். சாகும் வரைக்கும் அனுப்பினார். எனக்கு இதைவிட வெட்கமான விஷயம் வேறு இல்லை.

மச்சான் சில வருடங்களில் வேறு கல்யாணம் செய்து கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். செல்வியை நான் கொடுக்கவில்லை.

அன்று மாலை

கொழும்பில் அந்தக் குளிர் அறையில் இருந்து வந்த மாலை, செல்வி தங்கியிருந்த அறைக்குப் போனோம். அவள் பெட்டியில் ஒரு பழைய சட்டை எப்போதும் இருக்கும். அம்மாவைப் பற்றி அவளிடம் இருப்பது அது ஒன்றுதான். மண் இறங்கிய அன்று பிள்ளைக் காம்பராவில் அவள் உடம்பில் இருந்த சட்டை. அம்மா இடுப்பில் கடைசியாக இருந்தபோது போட்டிருந்தது என்று சின்ன வயதில் நான்தான் சொல்லிவைத்தேன்.

அன்று என்னவோ அதை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். படம் வரைகிறவளின் கண் அல்லவா, இழையைத் தேய்த்துப் பார்த்தாள்.

"சின்னம்மா, இது டிரேசிங் துணி மாதிரி இருக்கே. எங்க ஆபீஸ் அலமாரியிலயும் ரெண்டு பழைய படம் இந்தத் துணியிலதான் இருக்கு. இதுல என்ன படம் இருந்துச்சு?"

"தெரியலம்மா" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கோடோ ஓர் எழுத்தோ தெரியவில்லை. நானும் பார்த்தேன். எத்தனையோ வருடமாக, அவள் இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். நாலு வாளித் தண்ணீரில் கசக்கியது, எங்கே மிஞ்சும்?

செல்வி, இந்தப் பத்திரிகையை நீ வாரா வாரம் வாங்குவது எனக்குத் தெரியும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் துணியில் இருந்தது நம் தோட்டம். உன் அம்மா குடியிருந்த இடமும் அதில் இருந்தது. அங்கே வீடு கட்டாதே என்று அதில் எழுதியிருந்தது. அதைச் சுரண்டி, துவைத்து, உனக்குச் சட்டையாகத் தைத்துப் போட்டவள் நான்.